கோடம்பாக்கத்தில் ஒரு சரித்திர உலா

மயிலாப்பூருக்குப் போனால் கபாலீசுவரர் கோபுரத்தைக் காட்டலாம். கோட்டைக்குப் போனால் மதிலைக் காட்டலாம். திருவல்லிக்கேணிக்குப் போனால் பார்த்தசாரதி சந்நிதியைத் தரிசித்துவிட்டு, பாரதியார் வசித்த வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம். "கோடம்பாக்கத்தில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது, பாலத்தையும் பஸ்ஸையும் தவிர?" என்று நம் வீட்டுப் பெரியவர் கேட்டார். நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய சமயம் அது.

கேள்வி நியாயமானதே. அப்போது நம்மிடம் பதில் இல்லை. நண்பகலில் வீடு திரும்பும்போதுதான் பதில் கிடைத்திருந்தது. அதை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலால் படிக்கும் சரித்திரம்

பத்துப் பதினைந்து பேர் ஓரிடத்தில் கூடி, விஷயம் தெரிந்த ஒருவரை முன்னே விட்டு, தெருத் தெருவாக நடந்து ஊரின் கதையைக் கேட்பதற்கு இங்கிலீஷில் 'ஹெரிடேஜ் வாக்' என்று பெயர். தமிழில் 'ஊர்வலம்' என்று சொன்னால் கொடியும் கோஷமும் ஞாபகத்துக்கு வரும். ஆகையால் 'சரித்திர உலா' என்றே சொல்லி வைப்போம்.

சென்னையில் இந்த வழக்கம் சுமார் இருபத்தைந்து வருஷங்களாக வேரூன்றி வருகிறது. பட்டணத்தின் பழங்கதைகளை எழுதிப் பரப்பியவர்களில் முதன்மையானவர் எஸ். முத்தையா. சென்னையைப் பற்றிய அவருடைய முதல் புத்தகம் 1981-ஆம் வருஷம் வந்தது. 1991-இல் 'மெட்ராஸ் மியூஸிங்ஸ்' என்ற பத்திரிகை தோன்றிற்று. 2019-இல் காலமாகும் வரையில் அவரே அதன் ஆசிரியர். அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து 2004-இல் 'சென்னை தினம்' என்ற கொண்டாட்டத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு 22-ஆந் தேதியை ஒட்டிப் பட்டணத்தின் பல மூலைகளிலும் இத்தகைய உலாக்கள் நடைபெறுகின்றன.

ஏன் ஆகஸ்டு 22? 1639-ஆம் வருஷத்தில் அன்றுதான் தாமர்ல வேங்கடாத்ரி நாயகர் கடற்கரையில் ஒரு மணல் திட்டைக் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்குக் கொடுத்தார் என்பது கணக்கு. "கும்பெனியாருக்கு மணல் கிடைத்த நாளா நம் ஊருக்குப் பிறந்த நாள்?" என்று கோபித்துக்கொள்ளும் அன்பர்கள் உண்டு. நமக்கும் அந்தக் கணக்குக் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கும்பெனியாருக்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தவை. ஆனால் அந்த ஒரு தேதியைச் சாக்காக வைத்துக்கொண்டு ஜனங்கள் தங்கள் தெருவின் கதையை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றால், சாக்கு எதுவாயிருந்தால் என்ன?

பெயரில் ஒரு குதிரை

கோடம்பாக்கம் ரயில் நிலையத்தின் வாசலில் கூடினோம். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் இருவர், கல்லூரி மாணவ மாணவிகள் சிலர், தாயாருடன் வந்த ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, குடையை ஊன்றிக்கொண்டு வந்த ஒரு முதியவர் — இவ்வளவுபேரும் நம் கோஷ்டியில் இருந்தார்கள். முதியவர் எண்பதைக் கடந்தவர். பேரன் பெயர் கொடுத்து அழைத்து வந்தானாம். "சும்மா கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லி அவர் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

வழிகாட்டி ஓர் இளைஞர். பெயர்க் காரணத்திலிருந்து ஆரம்பித்தார். ஆர்க்காட்டு நவாபின் குதிரைகள் இங்கே மேய்ந்தன. ஹிந்துஸ்தானியில் 'கோடா பாக்' என்றால் குதிரைத் தோட்டம். அதுவே கோடம்பாக்கம் ஆயிற்று என்பது எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் அந்த இளைஞர் கதையைச் சொல்லிவிட்டு அதோடு நிற்கவில்லை. "நுங்கம்பாக்கத்தில் எந்த நவாபின் தோட்டம் இருந்தது? மீனம்பாக்கத்தில் எந்தக் குதிரை மேய்ந்தது? பாக்கம் என்று முடியும் ஊர்கள் தொண்டை மண்டலம் முழுதும் இருக்கின்றனவே!" என்று கேட்டு எல்லோரையும் யோசிக்க வைத்தார். இனிமையான கதையைச் சொல்வதும், அதில் சந்தேகத்துக்கு இடம் உண்டு என்று ஒப்புக்கொள்வதும் இரண்டும் ஒரே மனிதரிடம் இருப்பது அபூர்வம்.

குதிரையைக் காட்டிலும் புலிக்குத்தான் இங்கே உரிமை அதிகம். இந்தப் பிரதேசத்தின் பழைய பெயர் புலியூர். தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களில் புலியூர்க் கோட்டம் ஒன்று. சென்னையைச் சேர்ந்த பழைய கல்வெட்டுக்களில் அந்தப் பெயரைக் காணலாம். வியாக்கிரபாத முனிவர் பூஜித்ததாகச் சொல்லப்படும் வேங்கீசுவரர் கோயில் இன்றும் வடபழனியில் இருக்கிறது. வேங்கை என்றாலும் புலிதானே! கும்பெனியார் மணல் திட்டுக்காகப் பேரம் பேசிய காலத்தில் புலியூர் ஏற்கெனவே பழைய ஊர்.

ஏரி போயிற்று, கேட் போயிற்று

பாலத்தின் மேல் ஏறி நின்றோம். 1960-களில் கட்டப்பட்ட பாலம் இது. கிழக்கே பார்க்கும்படி வழிகாட்டி சொன்னார். வீடுகளும் கடைகளும் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"இதோ தெரிகிறதே, இவ்வளவும் ஏரி" என்றார் அவர்.

நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரையில் நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. வெள்ளைக்காரர் அதை 'நீண்ட ஏரி' என்றே அழைத்தார்கள். 1920-களில் அதை வற்றச் செய்து, சர். பி. தியாகராயச் செட்டியாரின் பெயரால் தியாகராய நகரை நிர்மாணித்தார்கள். பின்னால் 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரி கிடந்த நிலத்தில் எழுந்ததுதான். நுங்கம்பாக்கத்தில் 'டாங்க் பண்ட் ரோடு' என்று ஒரு தெரு இருக்கிறது. அதாவது ஏரிக்கரைத் தெரு. கரை மட்டும் பெயரில் நிற்கிறது, ஏரி இல்லை. பெருமழை பெய்தால் தியாகராய நகரத் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதைப் பார்த்து நாம் மாநகராட்சியை வைகிறோம். வைவது ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீர் தன் பழைய வீட்டை மறக்கவில்லை என்பதும் உண்மை.

கீழே மின்சார ரயில் ஓடிற்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் வருஷம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பாலம் வருவதற்கு முன்னால் இங்கே இருந்தது ரயில்வே கேட். அந்தக் கேட்டுக்குத் தமிழ்நாடு முழுவதும் பிரசித்தி இருந்தது. ஸ்டுடியோக்களுக்குப் போகும் நட்சத்திரங்களின் கார்கள் எல்லாம் கேட் மூடினால் நின்றுதான் ஆகவேண்டும். ஆகவே கேட் மூடும் வேளையில் கார்க் கண்ணாடிகளுக்குள் எட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் காத்திருக்குமாம்.

வழிகாட்டி இதை ரசமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து முதியவரின் குரல் கேட்டது:

"தம்பி, கார் நின்னது வாஸ்தவந்தான். ஆனா காருக்குப் பின்னாலே சைக்கிளும் நின்னுது. நாங்களும் நின்னோம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"நான் லைட் டிபார்ட்மெண்டிலே இருந்தவன். ஏழு மணிக் கால்ஷீட்டுக்கு அஞ்சரை மணிக்கே கிளம்பி வருவோம். கேட் போட்டா போட்டதுதான். ஹீரோ லேட்டா வந்தா டீ கொடுத்துக் கூப்பிடுவாங்க. லைட் பாய் லேட்டா வந்தா அரை நாள் கூலி போச்சு. ஒரு கம்பெனியிலே ஒரே மாசத்துலே மூணு தடவை எனக்குப் போயிருக்கு."

வழிகாட்டி ஒரு கணம் பேசாமல் நின்றார். பிறகு, "ஐயா, நீங்கள் முன்னால் வந்து எங்களோடு நடக்க வேண்டும்" என்றார். குடை முன் வரிசைக்கு வந்தது.

வயலில் முளைத்த அரண்மனைகள்

பாலத்தைவிட்டு இறங்கினால் 'லிபர்ட்டி' பஸ் நிறுத்தம். லிபர்ட்டி என்ற ஸினிமாக் கொட்டகை போய்விட்டது. நிறுத்தத்தின் பெயர் போகவில்லை. கண்டக்டர் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஜனங்களை இறக்கிவிடுகிறார். அப்பால் ஆர்க்காடு ரோடு மேற்கே போகிறது. நவாபின் ராஜதானிக்குப் போன பழைய பாட்டை இது. சமீப வருஷங்களில் மெட்ரோ ரயிலுக்காகத் தூண்கள் எழும்பிய பிறகு, நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கியே போகவேண்டியிருக்கிறது.

தமிழ் ஸினிமா கோடம்பாக்கத்தில் பிறக்கவில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் பம்பாயில் தயாரிக்கப்பட்டது. சென்னையின் முதல் பேசும் பட ஸ்டுடியோவை ஏ. நாராயணன் 1934-இல் அமைத்தார். எஸ். எஸ். வாஸனின் ஜெமினி ஸ்டுடியோ மவுண்ட் ரோடு அருகே இருந்தது. யுத்தம் முடிந்த பிறகுதான் படக்காரர்கள் கோடம்பாக்கத்தை நாடி வந்தார்கள். காரணம் எளிது. ஸ்டுடியோவுக்கு விசாலமான நிலம் வேண்டும். சத்தம் இருக்கக் கூடாது. ஆனால் பட்டணத்துக்குச் சமீபமாகவும் இருக்கவேண்டும். அப்போது இங்கே வயலும் தோப்புமாக இருந்தது, நிலம் மலிவு, ரயிலும் உண்டு, ரஸ்தாவும் உண்டு.

ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிப் பக்கத்தில் கொட்டகை போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947-இல் வெளிவந்து, பாரதியாரின் பாடல்களை டி. கே. பட்டம்மாளின் குரலில் பட்டி தொட்டிகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. அவர் 1948-இல் தமது ஸ்டுடியோவை வடபழனிக்கு மாற்றிக்கொண்டார். வாஹினி ஸ்டுடியோவும் அதே காலத்தில் எழுந்தது. பரணி, பிரஸாத் என்று பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மதிலுக்கு உள்ளே ஒரு தளத்தில் தமிழ்ப் படம், அடுத்த தளத்தில் தெலுங்குப் படம், அதற்கும் அடுத்ததில் ஹிந்திப் படம் என்று வேலை நடந்த காலம் அது. மலையாளமும் கன்னடமும் இங்கே வந்துதான் பேசின. பாஷைக்கு ஒரு ராஜ்யம் என்று தேசத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், ஆர்க்காடு ரோட்டில் எல்லா பாஷைக்காரர்களும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்.

அங்காடிக்கு அடியில் நிலா

வடபழனிக்குச் சமீபத்தில் மிகப் பெரிய அங்காடி மாளிகை ஒன்றின் எதிரே நின்றோம். 2013-இல் திறக்கப்பட்டது. உள்ளே குளிர்ந்த காற்று, நகரும் படிக்கட்டு, பத்துப் பதினைந்து தேசத்துச் சாமான்கள். இந்த இடத்தில்தான் வாஹினி ஸ்டுடியோ இருந்தது.

"ஸ்டுடியோ எங்கே தாத்தா?" என்று சிறுமி முதியவரைக் கேட்டாள்.

"நாம நிக்கறோமே, இதுதாம்மா" என்றார் அவர்.

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1957-இல் தயாரித்த 'மாயா பஜார்' இங்கேதான் உருவாயிற்று. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி நாலு சுவர்களுக்குள்ளேயே நிலவொளியைக் காட்டினார் என்று இன்றும் சொல்வார்கள். வழிகாட்டி அதைச் சொன்னதும், அந்த நிலவை எப்படிக் காய்ச்சுவது என்று முதியவர் விளக்கத் தொடங்கினார். அவர் வேலைக்குச் சேர்ந்தது 'மாயா பஜா'ருக்குச் சில வருஷங்களுக்குப் பிறகு. ஆனால் முறை அதுவேதான். தளத்தின் உச்சியில் சுற்றிலும் மரப் பலகையால் பரண் கட்டியிருக்கும். ஆர்க் விளக்குகளைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கவேண்டும். அந்த விளக்கில் இரண்டு கரிக் குச்சிகள் எதிரும் புதிருமாக நின்று எரியும். எரிய எரியக் குச்சி தேயும். இடைவெளி அதிகமானால் விளக்கு அணைந்துவிடும். ஆகையால் ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து குச்சியைக் கவனித்துக்கொண்டே இருப்பான். ஓசை கேட்கக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். கீழே கதாநாயகி குளிர்ந்த நிலவில் நின்று பாடுவாள். மேலே நிலவு வியர்வையில் குளித்துக்கொண்டிருக்கும்.

"படம் பார்க்கறப்போ எல்லாரும் முகத்தைப் பார்ப்பாங்க. நான் நிழலைத்தான் பார்ப்பேன். மூக்கு நிழல் கன்னத்துலே விழுந்தா யாரோ தூங்கிட்டான்னு அர்த்தம்" என்றார் முதியவர். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நம்மில் பல வீடுகளில் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படித்த 'அம்புலிமாமா' பத்திரிகையும் இதே நாகி ரெட்டி, சக்கரபாணி இருவரின் முயற்சிதான். 1947 ஜூலை மாதத்தில் தொடங்கிய பத்திரிகை. வடபழனியிலிருந்து எத்தனையோ பாஷைகளில் வெளிவந்தது. வேதாளம் மரத்தில் ஏறியதும் இந்த ஊரில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

இவ்வளவு பெரிய ராஜ்யம் எப்படிக் கரைந்தது? குற்றவாளி ஒருவர் அல்ல. 1970-களில் படக்காரர்கள் நிஜக் கிராமத்தை நாடி வெளியே போனார்கள். 1977-இல் வந்த '16 வயதினிலே'க்குப் பிறகு பூச்சுச் சுவரும் காகிதப் பூவும் ஜனங்களுக்கு ருசிக்கவில்லை. தெலுங்குப் படக்காரர்கள் ஹைதராபாத்துக்கும், மற்றவர்கள் தங்கள் தங்கள் ராஜ்யங்களுக்கும் போனார்கள். டெலிவிஷன் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மலிவு என்று வாங்கிய வயல் பொன் விலை பெற்றது. ஸ்டுடியோவாக வைத்திருப்பதைவிட ஆஸ்பத்திரியாகவோ கல்யாண மண்டபமாகவோ அங்காடியாகவோ ஆக்குவது லாபமாயிற்று. சொந்தக்காரர்களை நாம் குறை கூறுவதற்கில்லை. நம் பாட்டனார் வீட்டை நாமும்தான் இடித்துவிட்டு அடுக்கு வீடு கட்டினோம்.

எது சின்னம்?

உலாவின் கடைசி ஸ்தலம் ஏவி.எம். ஸ்டுடியோவின் வாசல். சுழலும் உலக உருண்டையை அறியாதவர் உண்டா? நிலத்தின் ஒரு பகுதியில் அடுக்கு வீடுகள் வந்துவிட்டன. ஆயினும் 2023 மே மாதத்தில் உள்ளே ஒரு பொருட்காட்சிசாலை திறந்து, பழைய காமிராக்கள் முதலிய கருவிகளையும் பழைய மோட்டார் கார்களையும் வைத்திருக்கிறார்கள். 1952-இல் 'பராசக்தி'க்காகச் சிவாஜி கணேசன் முதன்முதலில் வசனம் பேசிய இடத்தில் ஞாபகச் சின்னமும் உண்டு. இவை பாராட்டத்தக்க காரியங்கள்.

ஆனால் சின்னங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. லண்டன் நகரத்தில் பெரியோர் வசித்த வீடுகளில் பலகை பதிக்கும் வழக்கம் 1867-இல் தொடங்கியது. முதல் பலகையைக் கவி பைரன் பிறந்த வீட்டில் பதித்தார்கள். 1889-இல் அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள்; பலகையும் கூடப் போயிற்று! ஹாலிவுட்டில் 1960-லிருந்து நடைபாதையில் நட்சத்திரம் பதித்துப் பெயர் பொறிக்கிறார்கள். பரண்மேல் உட்கார்ந்து கரிக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவனை அங்கே எங்கே தேடுவது? நம் ஊரில் 2010-இல் ஹைகோர்ட்டு தீர்ப்பின் பயனாக 467 பழைய கட்டடங்களின் பட்டியல் ஒன்று பேச்சுக்கு வந்தது. 2012-இல் பாரம்பரியச் சின்னங்களுக்கென்று சட்டசபையும் ஒரு சட்டம் இயற்றிற்று. நல்லதுதான். ஆனால் சட்டம் கல்லையும் சுண்ணாம்பையும்தான் காப்பாற்றும். கோடம்பாக்கத்தின் அரண்மனைகள் மரச் சட்டத்தாலும் சாக்குத் துணியாலும் ஆனவை. படம் முடிந்த மறுநாளே பிரித்துப் போடுவதற்காகவே கட்டியவை. எதைப் பட்டியலில் சேர்ப்பது?

அப்படியானால் கோடம்பாக்கத்தின் புராதனச் சின்னம் எது? குடையை ஊன்றிக்கொண்டு நம்மோடு நடந்து வந்த அந்த முதியவரே அல்லவா? கேட்டுக்குப் பின்னால் சைக்கிள் நின்றதை எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் அன்று பேரனின் பிடிவாதத்துக்கு இணங்காமல் வீட்டிலேயே இருந்திருந்தால், நட்சத்திரங்களின் கார்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நாம் திரும்பியிருப்போம். கதை முழுதும் கேட்டுவிட்டதாகவே நம்பியிருப்போம். இத்தகையவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். தச்சர், சித்திரக்காரர், வேஷம் போட்டுவிட்டவர், கூட்டத்தில் ஒருவராய் நின்ற துணை நடிகை எல்லோரும் சாலிக்கிராமத்துச் சந்துகளிலும் வடபழனி முடுக்குகளிலும் சிறு வீடுகளில் இருக்கிறார்கள். கல் கோபுரம் நமக்காக நூறு வருஷம் காத்திருக்கும். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகையால் நேயர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்று. சரித்திர உலாவுக்கு அவசியம் போங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் தெருவிலேயே, ஏன், உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும் வயோதிகரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கதை வேறு, சாட்சி வேறு என்பதை மட்டும் மறவாமல், அவர் தாமே கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறிவிட்டது. எல்லோரும் விடைபெற்றுக்கொண்டார்கள். வழிகாட்டி முதியவரின் அருகில் சென்று, அடுத்த உலாவுக்கும் அவசியம் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"வரேன் தம்பி. ஆனா கேட்கறதுக்கு வரமாட்டேன்" என்றார் முதியவர்.

"வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்லுங்கள்; நான் பின்னால் நின்று கேட்கிறேன்" என்றார் அந்த இளைஞர்.